ஆடு மேய்ந்த வருஷம்

போன டிசம்பர் கடைசியில் நான் செய்த ஒரு திருட்டு வேலையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் வருஷத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்திருந்தேன். வாரம் ஒன்று. கேட்க அழகாகத்தான் இருந்தது. டிசம்பர் 24 அன்று பார்த்தால் கணக்கு 41-ல் நிற்கிறது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். வருஷக் கடைசியில் கணக்கு இடித்தால் எப்படிச் சரிக்கட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியின் கீழ்த்தட்டு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒல்லியாக இருந்ததையெல்லாம் உருவினேன். 48 பக்கக் கவிதைத் தொகுப்பு, 32 பக்கச் சிறுவர் கதை, யாரோ கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்த குட்டிப் புத்தகம். அதில் ஒன்றைச் சோறு வேகிற நேரத்துக்குள் முடித்தேன். 31-ம் தேதி ராத்திரி பத்தே முக்காலுக்கு 52 ஆனது. தளம் வாழ்த்துச் சொன்னது. வெட்கமில்லாமல் அதைப் படம் பிடித்து இங்கேயும் போட்டேன். வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் மன்னிக்கவும்.

ஜனவரி பிறந்து வேலைக்குப் போனால், செக்கிங்கில் இருக்கும் ஒரு தங்கச்சி சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க்கா, அம்பது புக்கு படிச்சிருக்கீங்களாமா. திருப்பூர்ல புத்தகக் கண்காட்சி வரப்போகுதுல்லீங், முந்நூறு ரூவா எடுத்து வெச்சிருக்கேன். எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்.”

எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. தலைப்புகள் வந்தன, அட்டைப்படங்கள் வந்தன. ஒரு நாவலில் கிணற்றடியில் யாரோ அழுதார்கள், அது எந்த நாவல் என்று வரவில்லை. முந்நூறு ரூபாய் அவளுக்குச் சின்னப் பணமில்லை. ஒரு பேரை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட மனசு வரவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் சாமி” என்று டிபன் பாக்ஸை மூடினேன்.

அப்போதே முடிவு செய்தேன், இந்த வருஷத்துக்கான இலக்கை ஜனவரி 1 அன்று போடுவதில்லை என்று. எனக்கு எப்படியும் வருஷத்துக்கு மூன்று வருஷப்பிறப்பு. காலண்டருக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று, கணக்குக்காரிக்கு ஏப்ரல் 1. ஆனால் எங்கள் ஊரில் நிஜமாகவே எதையாவது புதுசாகத் தொடங்குவது என்றால் அது தை நோம்பிதான், பொங்கல். காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டை ஒழித்து வைக்க வேண்டும். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டு மூலையிலும் ஆடு மாடு அடைக்கும் தொண்டுப்பட்டிக் கடவிலும் செருகுவதற்குள் வேண்டாதது வெளியே போய்விட வேண்டும். புத்தக அலமாரிக்கும் அதே சட்டம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒழித்தேன். படிக்காத புத்தகங்களைத் தனியாக அடுக்கி எண்ணினேன்: 143. இதில் ஒரே நாவலின் இரண்டு பிரதிகள், இரண்டும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வேறு வேறு வருஷம் வாங்கியவை, இரண்டிலும் பத்து சதவீதக் கழிவு போட்ட பில் செருகியிருக்கிறது. சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுத் தொடக்கூடாது என்பார்கள் இல்லையா. என் வீட்டில் வருஷம் முழுக்க சரஸ்வதி பூஜைதான் நடந்திருக்கிறது.

அந்த அடுக்குக்கு அடியில் என் அப்புச்சியின் நன்னூல் கிடைத்தது. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா, தமிழாசிரியர். காண்டிகையுரைப் பதிப்பு, முதுகு பிரிந்து, பனியன் துணி நாடாவால் கட்டியது. அந்த நாடாவை நான்தான் ஏழாவது படிக்கும்போது கட்டிக் கொடுத்தேன் என்று அமுச்சி சொல்லும். பி.காம். படித்தவளுக்கு நன்னூலோடு என்ன உறவு என்றால், பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்த உறவு. ஆனாலும் எங்கள் பக்கத்துக்காரர் எழுதிய புத்தகம் என்ற ஒரு சொந்தம் உண்டு. பவணந்தி முனிவரின் ஊரைச் சனகை என்கிறது சிறப்புப்பாயிரம். அது பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டு வழக்கு. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஆள்.

நன்னூல் என்றாலே புணர்ச்சி விதி என்று பயந்து ஓடுகிறோம். அதற்கு முன்னால் பொதுப்பாயிரம் என்று ஒன்று இருக்கிறது. நூல் எப்படி இருக்க வேண்டும், சொல்லித்தருகிறவர் எப்படி இருக்க வேண்டும், கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். அதில் மாணாக்கர் வகை சொல்லும் இரண்டு வரி:

அன்னம் ஆவே மண்ணொடு கிளியே
இல்லிக் குடம்ஆடு எருமை நெய்யரி

முதல் இரண்டும் தலை மாணாக்கர், அடுத்த இரண்டும் இடை, மிச்ச நான்கும் கடை. போகி அன்று தூசிக்கு நடுவில் உட்கார்ந்து அந்தக் கடைசி நான்கைப் படித்தபோது, என் ஒரு வருஷத்துப் பதிவுகளை யாரோ தணிக்கை செய்து கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இல்லிக்குடம் என்றால் ஓட்டைக் குடம். ஊற்ற ஊற்ற ஒழுகும். ஒரே நாவலை இரண்டு தரம் வாங்கியவளைப் பற்றி வேறு என்ன சொல்ல. எருமை குளத்தில் இறங்கினால் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். ஒரு புத்தகத்தைப் பற்றிச் சண்டை போட்ட மூன்று பதிவுகள் எனக்கு உண்டு, அவற்றில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நெய்யரி என்பது பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் கோபம் வந்தால் “போடா பன்னாடை” என்பார்கள், அந்த வசவுக்கு இப்படி ஒரு வம்சாவளி இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு நல்ல மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றி நான் எழுதிய பதிவில் முக்கால்வாசி எழுத்துப்பிழைப் பட்டியல். பன்னாடை நான்தான்.

ஆனால் சுளீரென்று பட்டது ஆடு. அதற்கு உரை சொல்கிற காரணம் இது: ஒரு செடியில் தழை நிறைய இருந்தாலும் ஆடு அதிலேயே நின்று மேயாது, செடிக்குச் செடி தாவி ஒவ்வொரு வாய் கடித்துப் போகும். 52 புத்தகம், வாரம் ஒன்று. பக்கத்திலேயே பசு நிற்கிறது, தலை மாணாக்கராக. புல் கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, அப்புறம் ஓரிடத்தில் படுத்து அசை போடும்.

இதை அன்றைக்குப் பொழுதோட அப்பாவிடம் படித்துக் காட்டினேன். காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். இரண்டு காங்கேயம் மாடு, முப்பது வெள்ளாடு. வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு ஜாதி வாயையும் பார்த்த மனுஷர். பவணந்தியார் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பல் குத்தினார்.

“ஆடு மட்டும் அசை போடாதா சாமி? ராத்திரிக்குப் பட்டிப் பக்கம் போய் நின்னு பாரு. அத்தனையும் படுத்து மென்னுட்டுத்தான் கெடக்கும். எருமையுந்தான் போடுது. மேயறது அதது தோது. ஒரே செடிய ஆடு மொட்டையடிச்சா அந்தச் செடி பொழைக்குமா?”

இலக்கணத்துக்கு எதிராக அப்பா சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் என் இந்த வருஷத்து இலக்கு முழுவதும் இருக்கிறது. நான் பல செடி கடித்ததில் தப்பில்லை. எனக்குக் கதையும் வேண்டும், கட்டுரையும் வேண்டும், நூல் விலை ஏறினால் பின்னலாடை என்னாகும் என்கிற புத்தகமும் வேண்டும். தப்பு எங்கே என்றால், நான் பட்டிக்கே திரும்பவில்லை. 365 நாளும் காட்டிலேயே நின்றேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. 52 புத்தகம், சராசரி 250 பக்கம் என்றால் 13,000 பக்கம். ஒரு நாளைக்கு 36 பக்கம். காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் போக முக்கால் மணி, வர ஒரு மணி. உட்கார இடம் கிடைத்தால் 36 பக்கம் வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி. தாக்கல், அந்த நாட்களில் பஸ்ஸிலும் மண்டைக்குள் இன்வாய்ஸ்தான் ஓடும். மார்ச் கடைசி, கேட்கவே வேண்டாம். கல்யாண மாசம் வந்தால் ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம். ஆக மிச்ச நாட்களில் 50 பக்கம், 60 பக்கம் என்று துரத்த வேண்டி வந்தது. தளம் வேறு, “நீங்கள் 4 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்” என்று கந்துவட்டிக்காரன் மாதிரி எட்டிப் பார்க்கும். அசை போட எந்த நேரம் இருந்தது?

பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையையும் பவணந்தியார் சொல்கிறார். ஒரு தரம் கேட்டவன் இரண்டாம் தரமும் கேட்டால் நூலில் பிழை வராது. மூன்றாம் தரம் கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும். அதற்கப்புறம் ஒரு கணக்கு வருகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தங்கும். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் ஒரு கால். மிச்சம் பாதி? அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வதில்தான் வருமாம். பாதி! படித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்வது செவ்விதின் உரைப்பது. அட்டைப்படம், விலை, பக்க எண்ணிக்கை, நாலு நட்சத்திரம், “அவசியம் வாசிக்க வேண்டிய நூல்” என்று நான் உரைத்ததை அவர் கேட்டிருந்தால் எந்த மிருகத்தோடு சேர்த்திருப்பாரோ.

சரி, இந்த வருஷத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். எண்ணிக்கை கிடையாது. தளத்தில் இலக்குக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போது எது கைக்கு வருகிறதோ அதை மேயலாம், அதற்குத் தடையில்லை. திரும்பி வரும்போது புதுப் பக்கம் புரட்டுவதில்லை, காலையில் படித்ததையே. இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தால் இன்னும் நல்லது, மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்தபின் தூக்கிப் போட்ட பழைய பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பற்று, வரவு என்று இரண்டு பக்கம் அச்சடித்தது. புத்தகத்திலிருந்து எனக்கு வந்தது வரவில், புத்தகத்திடம் எனக்கு நிலுவையில் நிற்கும் கேள்விகள் பற்றில். நாலு பதிவு போட்டதற்குள், பற்றுப் பக்கம்தான் நிறைகிறது. இதுவும் நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரே நிபந்தனை. முடித்த அன்றே எழுதுவதில்லை. ஒரு மாசம் கிடக்கட்டும், அதற்குள் ஒருவருக்காவது வாயால் சொல்லியிருக்க வேண்டும், அப்புறம்தான் எழுத்து. ஆகவே பதிவுகள் குறையும். நட்சத்திரம் இனி இல்லை. வாங்குவதற்கு ஈரோட்டுத் திருவிழா ஒன்றுதான், ஆகஸ்டில், கையில் மூவாயிரம். ஜூலையில் கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சிக்குப் போவேன், ஆனால் பர்ஸைத் தோழியிடம் கொடுத்துவிட்டுத்தான். கோயம்புத்தூர் ராஜவீதியில் விஜயா பதிப்பகம் பக்கம் போவதையே தவிர்க்கப் போகிறேன், உள்ளே நுழைந்தால் எனக்குக் கட்டுப்பாடு கிடையாது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அட்டையைப் புதுப்பித்தாயிற்று. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வருஷாவருஷம் கட்டுகிறோம், கட்டிய காசுக்கு ஒரு தரமாவது உள்ளே போய் உட்கார வேண்டாமா?

மறுவாசிப்புக்கு மூன்று மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி. இதை யாராவது வரிசையாகப் படிப்பார்களா என்று கேட்காதீர்கள், அம்மாவோடு படிக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பக்கம். நான் சொல்லை வாசிப்பேன், அம்மா அந்தச் சொல் வருகிற ஒரு சங்கதியைச் சொல்லும். ஒரு பக்கம் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாதி கதையில் யாராவது ஒரு பங்காளியின் மானம் கப்பலேறிவிடும், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இன்னொன்று பெருங்கதை, பழைய காப்பியம். விசயமங்கலத்துக் கொங்குவேளிர் எழுதியது, 1924-ல் உ.வே.சா. பதிப்பித்தது. இதன் தொடக்கமும் கிடைக்கவில்லை, முடிவும் கிடைக்கவில்லை. எண்ணிக்கைக்காகப் படிக்கிறவளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முடித்தேன் என்று யாராலும் குறி போட முடியாத புத்தகம். தினம் இருபது அடி, உரையோடு. அதன் நாயகன் உதயணன் யானைப் பைத்தியம் என்பது வரைக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே போகப் போகத் தமிழ் கடினம், பார்க்கலாம்.

மூன்றாவது நாகம்மாள். ஆர். சண்முகசுந்தரம், தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர், 1942-ல் வெளிவந்தது. கல்லூரியில் இருக்கும்போது ஒரே மதியத்தில் படித்து முடித்தேன், சின்ன நாவல்தான். அப்போது என் நோட்டில் எழுதியிருந்தது: “பேச்சு நடை அருமை. நம்ம ஊர்ப் பேச்சு அப்படியே.” அவ்வளவுதான். புருஷன் செத்துப்போன ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் தன் பாகத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள் என்பது அதன் கதை. அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தாயிற்று. வந்து என்ன, எங்கள் பக்கம் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அக்கா தங்கச்சிகளுக்குச் சீர் செஞ்சாச்சு, அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துடு என்பார்கள். நானும் சார்பதிவாளர் ஆபீஸில் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் என்றே தெரியாமல், நாகம்மாள் நினைவுக்கு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தரம் படித்தேன். பேச்சு நடை பற்றிய நினைப்பே வரவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டாளே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதே அச்சு, அதே பக்கம். எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட முழுசாக ஆகியிருக்காது.

அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றியும் நான் எழுதவில்லை. வாரம் ஒன்று என்ற ஓட்டத்தில், ஏற்கெனவே படித்த புத்தகம் கணக்கில் வராது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் தரம் இப்போது. போன சனிக்கிழமை பட்டாசாலையில் உட்கார்ந்து விதைக்கடலைக்குக் காய் தொலித்துக்கொண்டிருந்தோம், அம்மாவும் நானும். செக்கிங் தங்கச்சிக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பித்து, அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அம்மா அஞ்சாவது வரைக்கும் படித்தது. நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, காய் உடைகிற சத்தம் மட்டும். நாகம்மாளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று சொன்ன இடத்தில் மட்டும் கை நின்றது.

“அவ பாகம் கேட்டாளே, அது யாரு பேருக்குக் கேட்டா கண்ணு? அவ பேருக்கா, அந்தப் புள்ள பேருக்கா?”

மூன்று தரம் படிக்கிறேன் என்று பெருமை பேசியவள் நான். தெரியவில்லை. அப்படி ஒரு இடம் நாவலில் வருகிறதா, வந்தும் நான் தாண்டிவிட்டேனா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பேரேட்டை எடுத்துப் பற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

“பாத்துச் சொல்றனுங்ம்மா” என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனேன். புத்தகம் அப்புச்சியின் நன்னூலுக்கு மேல் இருந்தது.